பருத்தித்துறைக்கு விற்காத படம்

“இந்தப் படம் உங்கள் பிராந்தியத்தில் கிடைக்காது.”

ரீவியில் இந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எது ஐயா என்ர பிராந்தியம்? நான் படுத்தெழும்புவது ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில். தங்கச்சி பாரிசில். மச்சான் ஒஸ்லோவில். கடைசித் தம்பி மெல்பேர்னில். எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம் பேசி முடிக்கவேண்டுமென்றால் யார் நித்திரை, யார் வேலை, யார் குளிக்கப் போய்விட்டார் என்று விசாரித்துவிட்டுத்தான் போனை எடுக்கவேணும். அப்படிப்பட்ட சனத்தைப் பார்த்து, எங்கேயோ குளிரூட்டிய அறைக்குள் இருக்கிற ஒருவன் உலகப் படத்தில் கோடு கீறி, நீ இந்தக் கோட்டுக்கு உள்ளே இரு, உன் தங்கச்சி அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கட்டும் என்கிறான். விசா மறுத்த ஆக்களாவது எங்கள் முகத்தைப் பார்த்து மறுத்தார்கள். இவன் அதுகூட இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி. அதற்குக் கீழே “மன்னிக்கவும்” வேறு.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பகலில் சின்னப் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறேன். படம் பார்க்கப் பழகியதும் நானாகத்தான். வந்த புதிதில் ஆங்கிலம் பிடிக்கலாமென்று நூலகத்தில் டிஸ்க் எடுத்துவந்து, கீழே ஓடுகிற எழுத்தை வாசித்து வாசித்துப் பார்த்தேன். ஆங்கிலம் அரைகுறையாக வந்தது. படப் பைத்தியம் முழுதாக வந்தது. துருக்கிப் படம், ஈரான் படம், ஜோர்ஜியாப் படம் என்று தேடித் தேடிப் பார்ப்பேன். யாராவது மலையில் ஆட்டைத் தேடி நடந்துகொண்டே இருந்தால் நானும் கூட நடப்பேன்.

“உதில என்ன நடக்குது?” என்று என் மனுசன் கேட்பார்.

“ஆடு துலைஞ்சு போச்சு.”

“இன்னும் கிடைக்கேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப நான் படுக்கப் போறன்.”

இந்த மாதிரிப் படங்கள்தான் எங்கள் பிராந்தியத்தில் கிடைக்காதவை. கார் பறக்கிற படம் என்றால் ஏழு கண்டத்துக்கும் ஒரே நாளில் வரும். ஆடு துலைந்த படம் பிரான்சோடு நின்றுவிடும். தங்கச்சி அதைப் பாரிசில் பிரதி எடுத்து எனக்கு அனுப்புவாள். கீழே ஓடுவது பிரெஞ்சு. எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. அவள் போனில் தமிழில் சொல்லச் சொல்ல, துருக்கிக்காரி அழுவதை மோர்னிங்சைட்டில் இருந்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பேன். எந்தக் கொம்பனியின் கணக்கில் இந்த மாதிரி ஒரு பார்வையாளர் இருக்கப்போகிறார்?

அது களவு இல்லையோ என்று கேட்பவர்கள் உண்டு. என் நியாயம் சுருக்கமானது. விற்கிற கடை இருந்தால் காசைக் குடுத்து வாங்கு. கடையே திறக்கமாட்டேன் என்கிறவனிடம் எதைக் களவெடுத்தாய்? மனுசன் இதற்கு “உன்ர சட்டப் புத்தகம்” என்று பெயர் வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கும் தெரியும், நான் எங்கட சனத்தின் கறுப்புப் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. உங்களுக்கும் தெரிந்த பெட்டிதான். மாதம் ஒரு சின்னக் காசு, உலகத்துச் சனல் முழுக்க. பிளாசாத் தியேட்டரில் ரிக்கற் விற்கிற படத்தை அதே வெள்ளிக்கிழமை வீட்டில் கால் நீட்டிக்கொண்டு பார்க்கிற பெட்டி. கடை முன்பக்கம் திறந்திருக்கப் பின்பக்கத்தால் எடுப்பது அது. அதற்கு என் புத்தகத்தில் இடமில்லை. அந்தப் பெட்டி வைத்திருக்கிற ஆக்கள்தான் களவு பற்றி ஆகக் கூடுதலாகக் கதைப்பார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

அதை நன்றாகக் கண்டது ஒரு படத்தின் முதல் காட்சியில். எங்கட தம்பி ஒருவன் எடுத்த படம். தம்பி என்றால் உறவு இல்லை, எல்லோருக்கும் தம்பி. வீடு விற்கிற வேலை. பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரமாக அவனுடைய சிரித்த முகம் இருக்கும். சனம் அதற்கு மேல்தான் குந்தியிருக்கும். ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் குடுத்தவன் தன் வீட்டை ஈடு வைத்துப் படம் எடுத்தான். அது உண்மையான துணிவுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தானே, அங்கேதான் பிழை விட்டான்.

“என்ர படத்தைக் களவாப் பாக்கிறவன் என்ர வீட்டுக்குள்ள பூந்து என்ர பிள்ளையின்ர பால்மாவைத் தூக்கிக்கொண்டு போறான்!”

என்ன கைதட்டல்! எனக்குப் பக்கத்தில் இருந்த அங்கிள் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். அவருடைய வீட்டு ரீவிக்குக் கீழே மினுங்குகிற கறுப்புப் பெட்டியை நான் கண்டிருக்கிறேன். “என்ன அங்கிள், பால்மாக்காரர் எல்லாரும் இங்க வந்திருக்கினம் போல?” என்று கேட்டேன். “சும்மா இரு பிள்ளை,” என்றார். “அது வேற, இது எங்கட பொடியன்ர படம்.” எங்கட பொடியனுக்கு ஒரு நீதி, பிறத்தியானுக்கு ஒரு நீதி. இப்படி ஒரு அறநூல் எங்கள் ஆட்களிடம் மனப்பாடம்.

படத்தில் தாயாக நடித்தது எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளியிருக்கிற அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை. நடிப்பென்றால் என்னவென்று தெரியாது. தமிழ்க் கடை ஒன்றில் வாடின முருங்கைக்காயை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டி அவ சண்டை பிடிப்பதைத் தம்பி கண்டிருக்கிறான். “அக்கா, உதை அப்பிடியே கமராவுக்கு முன்னால செய்வியளோ?” என்று கேட்டானாம். “முருங்கைக்காயை நீதான் வாங்கித் தரவேணும்,” என்றாவாம் அக்கா.

கதை இதுதான். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடம் ஒன்றில் ஒரு தாய், துப்புரவு வேலை. மகன் பெரிய வீடு வாங்கித் தாயைக் கூட்டிப் போகிறான். அந்த வீட்டில் அவளுக்குக் கதைக்க ஆளில்லை. பழைய வேலைத்தலத்துப் பிலிப்பினோத் தோழி ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மதுச்சாலை ஒன்றில் தனியே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தாய் பஸ் பிடித்துப் போய் அவளோடு இருக்கிறாள். கையில் ஜிஞ்சர் ஏல். இஞ்சிச் சோடாதான், வேறு ஒன்றுமில்லை. அவளைச் சிரிக்க வைக்கத் தானும் சிரிக்கிறாள். மகன் தேடி வந்து எல்லாருக்கும் முன்னால் தோழியைக் கேவலமாகப் பேச, தாய் அவன் கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். பிறகு கொஞ்சக் காலம் தனியே இருந்துவிட்டு, ஒரு பின்னேரம் பையோடு மகன் வீட்டு வாசலில் பஸ்ஸால் இறங்குகிறாள். கடைசியில் மகனின் காலில் விழுந்து அழுகிறாள். முடிவு.

அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. “பத்துத்தரம் விழப் பண்ணினவன் பிள்ளை. முழங்கால் இண்டைக்கும் நோகுது. நான் ஏன் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு கேட்டன். சனம் அழவேணும் அக்கா எண்டான். அழுறதெண்டா அவனே விழுந்திருக்கலாமே?”

சரி. படம் வெளிவர முன்னம் ட்ரெய்லர் வெளிவந்தது. அதுதான் வினை. ட்ரெய்லருக்கு மட்டும் பிராந்தியம் கிடையாது பாருங்கோ. அது காசு கேட்காததால் உலகம் முழுக்க ஓடும். அரை நிமிசம். அதில் என்ன இருக்கிறது? மதுச்சாலையின் சிவப்பு வெளிச்சம். அக்காவின் கையில் கண்ணாடிக் குவளை. அக்கா தலையை அண்ணாந்து சிரிக்கிறா. பளார் என்று ஒரு அடி. பெரிய எழுத்தில் படத்தின் பெயர். அவ்வளவும் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பருத்தித்துறையில் அக்காவின் அண்ணை இருக்கிறார். உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பன் இல்லாத வீட்டில் அக்காவைப் படிப்பித்து, கலியாணம் கட்டிக் குடுத்து, பிளேன் ஏற்றி விட்டவர். ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் போனில் கதைப்பார்கள். ட்ரெய்லர் போன கிழமையோடு கதை நின்றது. அக்கா அழைத்தால் போனை அண்ணி எடுப்பா. “அவர் கோயிலுக்குப் போட்டார்.”

“ஒரு மனுசன் எத்தினை தரம் பிள்ளை கோயிலுக்குப் போவார்?” என்று அக்கா என் குசினியில் வந்திருந்து கேட்பா. “சாமியே அலுத்துப்போய்க் கதவைப் பூட்டியிருக்கும். அது ஜிஞ்சர் ஏல் எண்டு எழுதி அனுப்பினன். வாசிச்சவர். பதில் இல்லை. முழுப் படத்தையும் பாத்திட்டு என்னைப் பேசட்டும், நான் வாங்கிறன். அரை நிமிசத்தைப் பாத்திட்டு நாற்பது வருசத்தை முடிச்சுப்போட்டார்.”

சொல்லிவிட்டுச் சிரிப்பா. கண் சிரிக்காது. ஞாயிறு காலையில் இரண்டு வீட்டுக்கு அப்பால் போன் அடிக்காமல் இருப்பது எனக்கே கேட்கத் தொடங்கியது.

படம் இணையத்தில் ஒரு தளத்துக்கு வந்ததும் அக்கா அண்ணையின் மகனுக்கு எழுதினா, அப்பாவுக்குப் போட்டுக் காட்டு என்று. பொடியன் தன் போன் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். கறுப்புத் திரை. “இந்தப் படம் உங்கள் பிராந்தியத்தில் கிடைக்காது.”

அன்றைக்குத்தான் எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. இவ்வளவு நாளும் பிறத்தியானின் படம் எனக்கு இல்லை என்று சொல்கிறதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கட படம், எங்கட தமிழ், பருத்தித்துறையில் பிறந்த மனுசி நடித்தது, பருத்தித்துறைக்கு வெளிநாட்டுப் படம்! சென் ஜேம்ஸ் ரவுணில் எந்த மாடி என்றுகூடத் தெரியாத அமெரிக்கன் ஒருவன் கால்மேல் கால் போட்டுப் பார்க்கலாம். கூடப்பிறந்த அண்ணை பார்க்க ஏலாது. யார் பார்க்க வேண்டுமோ அவரைத் தேடிப் பிடித்து மறிக்கிற மாதிரி ஒரு வேலியைப் போடவும் தனி மூளை வேண்டும்.

“தம்பியிட்டக் கேப்பம்,” என்றேன். இரண்டு பேரும் வெக்ஸ்போர்ட்டில் சேலைக்கடைக்கு மேல் இருக்கிற அவனுடைய வீடு விற்கிற கந்தோருக்குப் போனோம்.

“அக்கா, அந்தத் தளத்துக் கொம்பனியோட ஒப்பந்தம் போட்டாச்சு. கனடாவும் அமெரிக்காவும் மட்டும்தான். மற்ற இடத்துக்கு அவங்கள் காட்டமாட்டாங்கள். நான் குடுத்தாலும் பிழை,” என்றான் தம்பி.

“உன்ர படத்தை நீ குடுக்கக் கூடாதோ?”

“இப்ப அது என்ர படம் இல்லை அக்கா.”

“வீட்டை ஈடு வைச்சது நீ. முழங்காலை உடைச்சது நான். பின்ன ஆற்ற படம்?”

தம்பி நெற்றியைத் தடவினான். பருத்தித்துறையில் ஒரு மண்டபக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கொம்பனியிடம் தனியே அனுமதி கேட்டு எழுதியிருக்கிறானாம். கிடைத்தால் சித்திரை வருசத்துக்கு ரிக்கற் போட்டு ஓட்டலாமாம்.

“சித்திரை வரைக்கும் என்ர அண்ணை கோயிலிலயே இருக்கிறதோ? அவர் ஒராளுக்கு மட்டும் தா.”

“யாழ்ப்பாணத்தில ‘ஒராள்’ எண்டு ஒரு சாமானே இல்லை அக்கா! அண்ணைக்குப் போனா அண்ணியின்ர தங்கச்சிக்குப் போகும். அங்கயிருந்து ரியூஷன் வாத்தியாருக்குப் போகும். பிறகு மண்டபத்தில நானும் கதிரையும்தான்.”

அதுவரை அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவனுக்குப் பின்னால், சுவர் மூலையில், சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த ரீவியைக் கண்டேன். கிரிக்கெட். கீழே கறுப்புப் பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, உது என்ன?”

திரும்பிப் பார்த்தான். “அது மச், அக்கா.”

“எந்தப் பிள்ளையின்ர பால்மா?”

“ஐயோ அக்கா, அது இங்க ஒரு சனலிலயும் வராது. காசு குடுக்க நான் றெடி, விக்க ஆளில்லை. வேற என்ன செய்யிறது?”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் தம்பி ரிமோட்டை எடுத்து ரீவியை நூர்த்தான். ஆனாலும் படம் தரவில்லை. கொள்கையாம்.

படிக்கட்டில் இறங்கும்போது நான் சொன்னேன்: “அக்கா, சனிக்கிழமை நான் எடுக்கிறன்.”

எடுப்பது நினைத்த மாதிரி இல்லை. கொம்பியூட்டரில் பதிவு செய்யப் பார்த்தால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. அதற்கும் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். பூட்டுச் செய்வதில் செலவழித்த மூளையில் கால்வாசியைப் பருத்தித்துறையில் ஒரு கடை திறப்பதில் செலவழித்திருக்கலாம். கடைசியில், ரீவிக்கு முன்னால் பால்மா ரின் இரண்டை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்து, திரையை அப்படியே படம் பிடித்தேன். திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடி, ஏதோ வங்கிக்குள் இறங்கிய ஆள் மாதிரி. உலகத் தொழில்நுட்பத்தை இரண்டு ரின் வென்றது.

ஆனால் வீடு வீடுதானே. தோழி பிள்ளையை நினைத்து அழுகிற இடத்தில் என் குசினியில் குக்கர் மூன்று தரம் கூவியது. தாய் தனியே பனிக்குள் நடக்கிற இடத்தில் என் மனுசன் பின்னால் வந்து நின்று, “ஆடு கிடைச்சிட்டுதோ?” என்று கேட்டார். கையைக் காட்டிக் கலைத்தேன். எல்லாம் பதிவு.

அதைவிடப் பெரிய பிழை பிறகுதான் தெரிந்தது. முடிவு பிடிக்காததால் அந்த நேரம் நான் பருப்பை இறக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் போனில் இடம் முடிந்து, பதிவு நின்றுபோய்க் கிடந்தது. இடம் எப்படி முடிந்தது? காலை வணக்கம்! குடும்பக் குரூப்பில் ஒவ்வொரு விடியலும் வருகிற ரோசாப்பூ, சூரியோதயம், முருகன், தேத்தண்ணிக் கோப்பை. ஒரு வருசத்து வணக்கம் முழுக்க என் போனுக்குள் இருந்து படத்தின் முடிவைத் தின்றுவிட்டது. தாய் பையோடு பஸ்ஸால் இறங்குகிறாள், மகன் வீட்டு வெளிச்சத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

திரும்ப எடுக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

“விடு பிள்ளை,” என்றா. “குவளைக்குள்ள என்ன இருந்தது எண்ட இடம் வந்திருக்கோ?”

“வந்திருக்கு. ஜிஞ்சர் ஏல் எண்டு கேட்டு வாங்கிறியள்.”

“ஏன் அடிச்சனான் எண்ட இடம்?”

“அதுவும் இருக்கு.”

“அது காணும். அனுப்பு. நான் காலில விழுறதை அவர் பாக்கத் தேவையில்லை.”

அனுப்பினோம். அண்ணையின் மகன் கிடைத்ததென்று எழுதினான். பிறகு ஒரு கிழமை ஒரு சத்தமும் இல்லை. அக்கா போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனா. வேலைத்தலத்தில் போன் பார்க்கிறாவென்று பேச்சும் வாங்கினா. அடுத்த ஞாயிறு காலை, வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லி, இடியப்பம் பிழிய என் குசினிக்கு வந்தா. போனையும் கொண்டுதான் வந்தா.

மாவைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது கதவு மணி அடித்தது. தம்பி. குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பனிக்குள் தாய் நடக்கிறாள். “ஆடு கிடைச்சிட்டுதோ?” என்றது படம்.

“இது ஆற்ற குரல்?”

என் மனுசன் பேஸ்மன்ற்றுக்கு இறங்கிவிட்டார். அவ்வளவு கெதியாக அவர் இறங்கி நான் கண்டதில்லை.

“எனக்கு ஆர் அனுப்பினது தெரியுமோ? என்ர சொந்த மாமி! பருத்தித்துறையிலயிருந்து! ‘தம்பி, ரொறன்ரோவில எடுத்த படமாம், நல்லாயிருக்கு, நீயும் படம் எடுக்கிறனி எண்டு கேள்வி, எடுத்தா இப்பிடி எடு’ எண்டு எழுதியிருக்கிறா. அந்தக் குக்கர் சத்தம் சரியான இயற்கையா இருக்காம்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

“மண்டபக்காரர் நேற்று எடுத்தவர். ஊரே பாத்திட்டுது, இனி ஆர் ரிக்கற் வாங்கிறது எண்டார். சித்திரை இல்லை. சொன்னன்தானே அக்கா, ஒராள் எண்டு ஒரு சாமான் இல்லையெண்டு.”

கடையே இல்லாத இடத்தில் களவு இல்லை என்பது என் நியாயம். அவன் அங்கே கடை ஒன்றை மெதுவாகத் திறந்துகொண்டிருந்தான். வேலி போட்ட கொம்பனிக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை, அவர்களுக்குப் பருத்தித்துறை என்ற பெயரே வாயில் வராது. நட்டம் இவனுக்கு. குளிர்க் கோட்டோடு என் குசினியில் நிற்கிற, பஸ் வாங்கில் சிரிக்கிற இவனுக்கு. கோடு கீறினவனை நான் இன்றைக்கும் மதிக்கமாட்டேன். ஆனால் நான் எறிந்த கல்லு அவனில் படவில்லை.

“பிழைதான் தம்பி,” என்று அக்கா சொன்னா. “மண்டபக் கதையில பிழைதான். நான்தான் கேட்டது, இவளைப் பேசாதை. ஆனா இன்னொருக்காக் கேட்டாலும் நான் இதைத்தான் செய்வன்.”

“அப்பிடியெண்டா அது பிழை எண்டு ஏன் சொல்லுறியள்?”

அக்கா வாயைத் திறக்க, மேசையில் கிடந்த போன் அடித்தது. திரையில் “அண்ணை” என்று இருந்தது.

அக்கா அசையவில்லை. இரண்டு கையும் மா. நான் எட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஹலோ,” என்றார் அண்ணை. எப்படி இருக்கிறாய் இல்லை, சாப்பிட்டியோ இல்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற குரல். “உந்தப் படம் இடையில நிண்டு போச்சு.”

“ஓம் அண்ணை.”

“இங்க எல்லாருக்கும் அந்த இடத்தோட நிண்டிட்டுதாம். விசாரிச்சுப் பாத்தன். பஸ்ஸால இறங்கினவள் பிறகு என்ன செய்தவள்? வீட்டுக்குள்ள போனவளோ?”

தம்பி, ஓம் ஓம் என்று தலையை ஆட்டினான். கையை நீட்டி, கீழே விழுந்து, காலைப் பிடிக்கிறதுபோல் காட்டினான். கோபத்துக்குள்ளும் முடிவைச் சரியாகச் சொல்லவேண்டுமென்ற அவசரம். அக்கா அவனைப் பார்த்தா. பிறகு போனைப் பார்த்தா.

“போகேல்லை,” என்றா.

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது.

“பின்ன?”

“றோட்டிலயே நிண்டவள். பையைக் கீழ வைச்சிட்டு நிண்டவள்.”

“மன்னிப்புக் கேக்கேல்லையோ?”

“என்னத்துக்கு அண்ணை? அவள் என்ன பிழை செய்தவள்? நீங்கள்தானே பாத்தனீங்கள்.”

போனுக்குள் ஏதோ ஒரு மோட்டார்ச் சைக்கிள் தூரத்தில் போய் மறைந்தது. தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். படத்தைக் களவாய் அனுப்பினது காணாது, முடிவையும் மாற்றுகிறா! அவன் வாயைத் திறக்க, நான் விரலைக் காட்டினேன்.

“பிறகு?” என்றார் அண்ணை.

“மகன் யன்னலால கண்டவன். கண்டிட்டு, செருப்பும் போடாமல் இறங்கி வந்தவன்.”

“பனிக்குள்ளயோ?”

“பனிக்குள்ளதான்.”

“வந்து என்ன சொன்னவன்?”

அக்கா கொஞ்சம் யோசித்தா. இவ்வளவும் கதைக்கக் கதைக்கவே புனைந்துகொண்டு வந்த கதை. இந்த இடத்தில்தான் நின்றா. முழங்கையால் கன்னத்தைத் துடைத்தா.

“ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்தில வந்து நிண்டவன். பையைத் தூக்கினவன். அவ்வளவுதான், படம் முடிஞ்சுது.”

அண்ணை செருமினார். இன்னொருக்காச் செருமினார்.

“ம். அது பரவாயில்லாத முடிவு,” என்றார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, “அங்க இப்ப குளிரோ?”

“சரியான குளிர், அண்ணை.”

மாக் கையோடு போனைத் தூக்கி, ஸ்பீக்கரை நூர்த்து, காதில் வைத்துக்கொண்டு அக்கா வெளி அறைக்குப் போனா. குசினியில் நானும் தம்பியும். அவன் கதிரையை இழுத்து இருந்தான்.

“செருப்பும் போடாமல்,” என்றான் மெதுவாக. “படம் எடுக்கேக்க இதை ஏனக்கா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”